சூட்டியின் மண்தட்டு

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து சோளகக் காற்று. கொடியில் போட்ட தலையணை உறை பறந்து எதிர்வீட்டு நிஸாமின் ஆட்டோ மேல். வீடு முழுக்க மணல். கூட்டி முடித்துத் திரும்பினால் மறுபடி மணல்.

பக்கத்து வீட்டு ரஹ்மத் ராத்தா மக்காவுக்கு, உம்ராவுக்குப் புறப்பட்டார். வேன்காரர் வாசலில் ஹோர்ன் அடிக்கிறார், ராத்தா குசினியில் நின்று பூனையிடம் பயணம் சொல்கிறார். என்னைக் கட்டிப்பிடித்தபோது அழவில்லை. பூனையைத் தூக்கியதும் அழுகை.

"டீச்சர், இவன உங்கட கையில நம்பி அமானிதமாத் தாறன். மறுமையில கேள்வி இரிக்கு."

இவர், என் வீட்டுக்காரர், சாய்மனைக் கதிரையிலிருந்து: "கேள்வி எனக்கா, அவவுக்கா?"

"டீச்சருக்குத்தான். உங்கள நம்பி ஆரு பூன தருவா?"

"அப்ப சரி."

கிடைத்தவை: வீட்டுச் சாவி. பூனை மலசலம் போக மண்தட்டு (பழைய பேசின், கடல் மணல் அரித்துப் போட்டது). ஒரு பை கீரிமீன் கருவாடு, ராத்தாவே காயவைத்தது. "சோத்தோட பிசைஞ்சி குடுங்க, வேற ஒண்டும் தொடமாட்டான்." தண்ணீர்? "கிணத்துத் தண்ணி போதும். இவன் என்ன துரையா?"

பெயர் சூட்டி. சிங்களத்தில் சின்னன் என்று பொருள். ஆள் சின்னனில்லை. செம்மஞ்சள் கடுவன், தலை தேங்காய் அளவு. வந்ததும் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

கல்யாணமான காலத்திலிருந்து நான் கேட்டு இவர் மறுத்தது இது ஒன்றுதான், வீட்டில் ஒரு மிருகம். தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரைவிட்டு வெளியேற்றப்பட்ட நாளில், கட்டியிருந்த ஆட்டை அவிழ்த்துவிட்டாரா இல்லையா என்று இவருக்கு நினைவில்லை. யாராவது கேட்டால் எழுந்து வெளியே போவார். நான் கேட்பதில்லை.

நாளைக்கு: லைட் பில். கேஸ். தேங்காய் பறிக்கிறவருக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காற்று அப்படியே. கண் எரிச்சல்.

சூட்டி இரவு மட்டும் வெளியே வந்து கொஞ்சம் சாப்பிட்டிருக்கிறது. தண்ணீர்க் கோப்பையில் மணல் மிதக்கிறது, தண்ணீர் குறைந்ததாகத் தெரியவில்லை. மண்தட்டு சுத்தம், கீறல்கூட இல்லை. நல்ல பிள்ளை.

முதல் நாள் பள்ளிக்கூடம் வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல. மனையியல்தான் என் பாடம் என்றாலும் ஆள் குறைவான வருடங்களில் சின்ன வகுப்பும் பார்த்தேன். ஒருத்தி இருந்தாள், பெயர் மறந்துவிட்டது. மணி அடிக்கும் வரை காலைக் குறுக்கிக்கொண்டு அடக்கிக்கொண்டே இருப்பாள். வெளியே போகக் கேட்க வெட்கம். பழகினால் சரியாகும் என்றுதான் விட்டோம், சரியாயிற்று.

ஃபில்டர் தண்ணீர் பவுசர் லொறி வந்தது. கேன்கள் நிரப்பியாயிற்று. நம் கிணறு இந்த வருடம் வாயில் வைக்க முடியாத உப்புச் சவர். பாத்திரம் கழுவினால்கூட வெள்ளைப் படை படிகிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு ராத்தா வீடியோ அழைப்பு. போய்ச் சேர்ந்துவிட்டார். பின்னால் வெயிலில் மினாரா, ஆயிரம் சனம்.

"ஸலாம் டீச்சர். எங்க அவன்?"

ஃபோனை அலுமாரிக்குப் பின்னால் நீட்டினேன். இரண்டு கண் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு மீன் துண்டு காட்டி வெளியே எடுத்து, ஜன்னல் ஓரம் இருத்தி, படங்கள் எடுத்து, நல்லது ஒன்றை அனுப்பினேன். வெயில் பட்டு மயிர் தங்கம் மாதிரி.

இவர்: "அவ மக்கா ஹரத்தில நிண்டு பூனைய விசாரிக்கிறா. மனுசர விசாரிச்சாவா?"

"உங்களுக்கும் ஸலாம் சொன்னா."

"பூனைக்குப் பிறகு."

ஆகஸ்ட் 13, புதன்

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூனைக்கும் இல்லை.

சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போதே தட்டில் நின்றது. குந்துகிறது, முக்குகிறது, இறங்குகிறது. அறையை ஒரு சுற்று. மறுபடி தட்டு. ஒன்றும் வரவில்லை. ஒரு மாதிரிக் கத்தல், பூனைக் கத்தல் இல்லை, தொட்டில் பிள்ளை மாதிரி.

நிஸாமின் மனைவி பரீனா வந்து பார்த்தாள். "வகுறு கட்டியிரிக்கு டீச்சர். எங்கட உம்மா ஆட்டுக்கு ஆமணக்கெண்ணெய்தான் பருக்குவா." நானும் அதையே நினைத்திருந்தேன். முக்கினால் மலச்சிக்கல், எங்கள் தெரு ஒழுங்கையில் ஆட்டுக்கும் ஆளுக்கும் அதுதான் சட்டம். ஆமணக்கெண்ணெய் இல்லை. தேங்காயெண்ணெய் ஒரு கரண்டி. பாதி என் கையில், கால் பங்கு என் உடுப்பில், மீதி உள்ளே போயிருக்கலாம்.

பகல் ஆக ஆக மோசம். உடம்பு சூடாக இருப்பது போலத் தெரிந்தது. பரீனா: "நோவுக்கு அரைப் பரசிட்டமோல் தூளாக்கிக் குடுங்க. புள்ளைகளுக்குக் குடுக்கிறதுதானே."

மாத்திரையை உடைத்தும்விட்டேன். இவர் கரண்டியைத் தட்டிவிட்டார்.

"அது என்ட தலையிடிக்கு வாங்கினது. கடைசி அட்டை."

"ஒரு பாதி குறைஞ்சா என்ன?"

"பூனை வந்து உன்னட்டக் கேட்டதா? வாயில்லாததுக்கு ஆகுமோ ஆகாதோ, ஆருக்குத் தெரியும்? போடாதே."

கஞ்சன் என்று ஏசினேன். மாத்திரைத் தூளைக் கூட்டி அள்ளினேன்.

அந்தி, மஃரிபுக்கு முன் ராத்தா எடுத்தார். நான் ஃபோனைத் தூக்கவில்லை. பிறகு எழுதினார்: எங்கட ஆள் எப்படி? படம் ஒண்டு போடுங்க.

நேற்று எடுத்த படங்களில் இன்னொன்றை அனுப்பினேன். மாஷா அல்லாஹ் என்று பதில், இதயம் இதயமாக.

இன்றைக்கு எடுத்த படம் என்றா எழுதினேன்? இல்லை. நேற்றையது என்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

இதை எழுதும்போது மஃரிப் தாண்டிவிட்டது. உடம்பெல்லாம் தெருப் புழுதி. வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் குளியலறை டைல்ஸில் சொட்டுச் சொட்டாக ஈரம். விரலில் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பு. சூட்டி பக்கத்திலேயே படுத்திருந்தது, நுரையாகச் சத்தி எடுத்திருந்தது, கூப்பிட்டும் தலை தூக்கவில்லை.

அப்போதுதான் மண்தட்டின் நினைவு வந்தது. சுத்தமான தட்டு. சுத்தம் என்று சந்தோசப்பட்டேன். அடக்கிக்கொண்டு இருந்த பிள்ளை என்று இந்தக் கொப்பியிலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். வகுறு இல்லை. மூத்திரம்.

அரசாங்க மிருக வைத்தியருக்கு ஃபோன். எருமைகளுக்கு ஊசி போட எலுவன்குளம் பக்கம் நிற்கிறாராம், ஆனாலும் பொறுமையாகக் கேட்டார். "கடுவனா? நேற்று முழுக்கவா? என்னட்ட வர நிக்காதீங்க. இதுக்குச் சின்னக் குழாய் வேணும், சிலாபத்தில ஒரு பிராணி கிளினிக்கில செய்வாங்க. இப்பவே வெளிக்கிடுங்க. பின்னேரம் வரைக்கும் தாங்காது."

மரக்கறிக் கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டினோம். நிஸாம் ஆட்டோவைத் திருப்பினான்.

"டீச்சர், ஆடு ஏத்தியிரிக்கன், கோழி ஏத்தியிரிக்கன், கல்யாண வட்டிலப்பம் ஏத்தியிரிக்கன். ஆஸ்பத்திரிக்குப் பூன, இது முதல்தரம்."

"கதைக்காம ஓட்டு, வாப்பா."

கூடையை யார் பிடிப்பது? நான் ஏறி முடிக்க இவர் ஏற்கெனவே உள்ளே, மடியில் கூடை. நுரைச்சோலை, பாலாவி உப்பளம் தாண்டினோம். காற்று ஆட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் இவர் கூடையை மட்டும் உயர்த்திப் பிடித்தார், தலை மேலே இடித்தாலும்.

கிளினிக். டொக்டர் இளம் பெண், சிங்களம். தமிழ் தட்டித் தட்டி வந்தது, ஆனால் நின்று பேசினார். என் கையைப் பிடித்து சூட்டியின் அடிவயிற்றில் வைத்தார். உள்ளே கல் போல இறுகிய உருண்டை, ஒரு தோடம்பழ அளவு.

"இது மூத்திரப் பை, டீச்சர். வழி அடைச்சிருக்கு. மயக்க மருந்து குடுத்துக் குழாய் போட வேணும். போடாட்டி சாகும். போட்டாலும் சிலது தாங்காது. உங்கட பூனைதானே? நீங்க சரி சொல்லணும்."

உடனே ராத்தாவுக்கு எடுத்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை. கஃபாவைச் சுற்றும் தவாஃபில் இருப்பார், ஃபோன் பையில் இருக்கும். மறுபடி. மறுபடி. டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு காத்திருக்கிறார். அமானிதத்தை வெட்டவும் குத்தவும் எனக்கு என்ன உரிமை? பார்த்துக்கொண்டு சாகவிடவும் என்ன உரிமை?

"ஓம். என்ட பூனைதான். செய்யுங்க."

இவர் என்னைப் பார்த்தார்.

பிறகு வெளியே மர வாங்கில் இருந்தோம். ஒரு நாய்க்குட்டியின் அழுகை, மீன் சந்தைப் பக்கத்து நாற்றம், தெருவில் பஸ். நான் ஓதிக்கொண்டே இருந்தேன், எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியாமல் முதலிலிருந்து.

டொக்டர் வந்தார். குழாய் உள்ளே போயிற்று. உள்ளே மணல் மாதிரிப் படிவு. அப்போது கேட்டார், என்ன சாப்பாடு?

"கருவாடும் சோறும்."

"முள்ளோட?"

"ஓம்."

"தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"நீங்க என்ன தண்ணி குடிக்கிறீங்க?"

"ஃபில்டர்."

அவர் சிரிக்கவில்லை, ஏசவும் இல்லை. "உங்கட பக்கத்தில எல்லாரும் இப்படித்தான், டீச்சர். மனுசருக்கு ஃபில்டர், பூனைக்குக் கிணறு. பூனை ருசி பார்க்கிற ஆள். தண்ணி பிடிக்காட்டி குடிக்காது. குடிக்காட்டி, கருவாட்டு உப்பும் முள்ளும் சேர்ந்து உள்ளுக்குக் கல்லாகும். அதோட புது வீடு, புது ஆக்கள். பயத்தில அடக்கியும் இருக்கும்."

பரசிட்டமோல் பற்றியும் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "குடுத்தீங்களா?" இல்லை என்றதும் மூச்சு விட்டார். "பூனைக்கு அது நஞ்சு. அரைவாசி போதும், முடிஞ்சிடும்."

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பி வரும்போது ஆட்டோவில்: "கஞ்சன் எண்டு ஆரோ சொன்னாங்க."

"நான்தான்."

"ம்."

சூட்டி அங்கேயே. சேலைன் ஏறுகிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வெயில், காற்று. பால் பொங்கி அடுப்பெல்லாம். எதிலும் மனம் நிற்கவில்லை.

கிளினிக் ஃபோன்: கண் திறந்திருக்கிறது. மூத்திரம் குழாயில் இறங்குகிறது. இரத்தம் குறைவு.

ஜும்ஆவுக்குப் பிறகு ராத்தா எடுத்தார். எடுத்ததும் சொல்லிவிட்டேன், ஸலாமுக்கு அடுத்த வாக்கியம். அடைப்பு, சிலாபம், மயக்க மருந்து, என் பூனை என்று சொன்னது, எல்லாம். படம் பழையது என்பதையும்.

பின்னால் அங்கே பாங்கு.

"அந்தப் படத்த எங்கட குரூப்பில எல்லாருக்கும் காட்டினன், டீச்சர். பாருங்க என்ட புள்ள, எங்கட டீச்சர் எப்படிப் பார்க்கிறா எண்டு. கஃபாவுக்கு முன்னுக்கு நிண்டு காட்டினன்."

"ராத்தா..."

"அவன் அந்த நேரம் செத்துக்கொண்டு கிடந்திருக்கான்."

ஃபோனை வைத்துவிட்டார்.

கருவாடு பற்றி நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கருவாட்டைக் கழுவிக் காயவைத்தது அவர் கை. கண் தெரியாத இருட்டில்கூட அவனுக்கென்று மீனின் தலையைக் கிள்ளி எடுத்துவிட்டு வைப்பார். பிள்ளைக்குச் சோறு ஊட்டிய தாயிடம், அந்தச் சோறுதான் என்று சொல்ல வேண்டும். வகுப்பில் சமநிலை உணவு எழுதிப்போடுவது எளிது. கரும்பலகை அழாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சூட்டி வீட்டுக்கு. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. கதவு நிலையில் இடிக்கிறது, கதிரையில் இடிக்கிறது, கோபத்தில் என்னைப் பார்க்கிறது. நான் போட்ட கூம்பு என்று நினைக்கிறது போல.

டொக்டர் சொன்னவை:
கருவாடு கூடவே கூடாது.
மீன் அவித்து, முள் எடுத்து, உப்பில்லாமல், அவித்த தண்ணீரோடு சேர்த்து.
கோழி ஈரலும் கொஞ்சம்.
நல்ல தண்ணீர், வீட்டில் பல இடத்தில் கோப்பை. காற்று மணல் விழாத இடம்.
தட்டு அமைதியான மூலையில். நாளும் பார்க்க. ஈரம் இருக்கிறதா.
மறுபடியும் அடைக்கலாம். இந்தக் கிழமை ஏழு நாளும்தான் பயம்.

இவர் எழுந்து ஃபில்டர் கேனைச் சரித்து ஒரு கோப்பை நிரப்பினார். பிறகு இன்னொன்று. குளியலறை வாசல், ஜன்னல் கீழ், தன் கதிரைக்குப் பக்கம். நான் பார்ப்பதைப் பார்த்து: "என்ன? டொக்டர் சொன்னதுதானே."

அலுமாரிக்குப் பின்னால் கூட்டும்போது காய்ந்த கறை ஒன்று கண்டேன். பயந்து ஒளிந்த முதல் நாட்களின் சொட்டு. அப்பவே பார்த்திருக்கலாம்.

ராத்தாவுக்கு வீடியோ அனுப்பினேன், கூம்போடு, தேதி சொல்லி. பார்த்துவிட்டார். பதில் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பாண் முடிந்தது. கேஸ் வரவில்லை. பல் வலி.

தட்டு காலை: ஈரம், சிறிதாக. தட்டு மாலை: ஈரம்.

பரீனா பாரை மீன் கொண்டுவந்தாள். "என்ட வாயால சாகப்பார்த்தான். எனக்காக மாப்புக் கேளுங்க டீச்சர், அவனுக்கிட்ட." நானும்தான் மாத்திரையை உடைத்தேன் என்றேன். இரண்டு பேரும் தரையில் இருந்து முள் எடுத்தோம். சூட்டி கூம்பைக் கோப்பையில் கவிழ்த்து நக்கி நக்கிக் குடிக்கிறது, சத்தம் கேட்கச் சந்தோசம்.

ராத்தாவிடமிருந்து ஒன்றுமில்லை. பார்க்கிறார், ஃபோனில் நீலக்கோடு விழுகிறது, அவ்வளவுதான். கடலோரம் போய் வந்தேன். ஆலங்குடாவில் பட்டம் பிடித்து அலைமேல் ஓடும் வெள்ளைக்காரர்கள், கூச்சல். யாருக்கும் ஒரு கவலையில்லை போல. இருக்கும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ராத்தா நாளை வருகிறார். நிஸாமுக்குச் சொன்னாராம், எனக்கில்லை.

தட்டு காலை: ஈரமில்லை.

பகல்: ஈரமில்லை. சாப்பிட்டது. தண்ணீர் குடித்தது. தட்டில் ஒருமுறை நின்றது, இறங்கிவிட்டது.

அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தோடம்பழ அளவா, சின்னத் தேசிக்காய் அளவா? எனக்குத் தெரியவில்லை. இவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார். "எனக்கென்ன தெரியும்," என்று சொல்லிக்கொண்டே கையை எடுக்கவில்லை.

டொக்டருக்கு ஃபோன். சாப்பிடுகிறது, முக்கவில்லை என்றால் நாளை பகல் வரை பாருங்கள்; முக்கினால், கத்தினால் உடனே கொண்டு வாருங்கள். கூடைகளை வெளியே எடுத்து வைத்தோம். நிஸாம் ஆட்டோவுக்குப் பெற்றோல் அடித்து வைத்திருக்கிறான்.

மறுபடி அடைத்து, ராத்தா வாசலில் இறங்கும் நேரம் இங்கே ஒன்றுமில்லாமல் போனால். எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 23, சனி

காற்று முதல்முறை தணிந்தது. தென்னோலை அசையவில்லை.

தட்டு காலை: இல்லை.

வேன் வந்தது. ராத்தா பெட்டியை இறக்கவிடாமல் நேரே எங்கள் வீட்டுக்குள். வெயிலில் கறுத்துப் போயிருந்தார். ஸலாம் சொன்னார், என் முகம் பார்க்காமல். "எங்க?"

சூட்டி இவர் கதிரைக்குக் கீழ். கூம்புக்குள்ளிருந்து ராத்தாவைப் பார்த்தது, எழும்பவில்லை. அது அவருக்கு எவ்வளவு வலித்தது என்று நான் பார்த்தேன்.

"நேத்துல இருந்து மூத்திரம் போகல்ல, ராத்தா." இப்போது மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அபாயாவோடு அப்படியே தரையில் இருந்தார். நானும் இருந்தேன். தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில்.

"நீங்க படம் மாத்தி அனுப்பினத நான் மறக்கமாட்டன், டீச்சர்."

"மறக்க வேணாம்."

அவரே பையைத் திறந்தார். பேரீச்சம்பழம், ஸம்ஸம் புனித நீர். "அவனுக்கு என்ன குடுத்தீங்க? கருவாடு முடிஞ்சிருக்குமே. நான் போய்..."

சொன்னேன். கருவாடு, முள், உப்பு, கிணறு. டொக்டர் சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல். நானும் அதைத்தான் பிசைந்து கொடுத்தேன் என்பதையும்.

"அப்ப நானா?" குரல் சிறுத்துவிட்டது. "நாம என்னத்தத் தின்னுறமோ அதத்தானே குடுத்தன். ஒளிச்சு நல்லதா எடுத்து வச்சுக் குடுத்தன்."

"நாம எல்லாரும்தான், ராத்தா. ஒழுங்கை முழுக்க."

இவர் கதிரையிலிருந்து, யாரையும் பார்க்காமல்: "நீங்க தின்னுறதக் குடுத்தீங்க. குடிக்கிறதக் குடுக்கல்ல. ரெண்டு பேரும்."

ராத்தா கோப்பையைப் பார்த்தார். ஸம்ஸம் போத்தலின் மூடியைத் திறந்து, ஒரு வாய் அளவு அதற்குள் விட்டார்.

சூட்டி மெல்ல வெளியே வந்தது. கோப்பைக்கு வந்து மோந்தது. குடித்தது. ராத்தாவின் முழங்காலில் கூம்பை இடித்தது, தவறியோ வேண்டுமென்றோ. பிறகு தட்டில் ஏறியது. கீறியது. சுற்றியது. கீறியது.

மூன்று பேரும் தட்டையே பார்த்தோம்.

குந்தியது. நேரம் போனது. முக்கவில்லை, கத்தவில்லை, சும்மா தூரத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதன்முதல் கை தூக்கி வெளியே போக அனுமதி கேட்டு வந்த பிள்ளையின் முகம். இறங்கியது. மணல் தள்ளி மூடியது.

ராத்தா கையை மணலுக்குள் விட்டார். புது மருதாணிக் கை. இவர், "அல்லாவே, உம்ராவுக்குப் போய் வந்த கை," என்று எழும்பினார். ராத்தா கேட்கவில்லை. கையை வெளியே எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஈரம்.